தீவுச் செலவுக்கு ஒரு திட்டம்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் எங்களுக்குத் தீவு என்பது தொலைதூரத்துப் பொருளன்று. உட்துறைமுகக் கரையில் நின்றால் சோபர் தீவுகள் பச்சை மேடுகளாய்த் தோன்றும். கொட்டியாரக் குடாவின் வட்டத்தீவில் 1863ஆம் ஆண்டில் எழுந்த கலங்கரை விளக்கம் நிற்கின்றது. நகருக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில், புறாமலை கிடக்கின்றது. இருந்தும், என் பாடசாலை மாணவரிற் பலர் இவற்றுள் ஒன்றிலேனும் கால் வைத்ததில்லை. தம் ஊரைத் தாமே காணாத பிள்ளைகள் உலகப்படத்தில் எதைக் கண்டு என்ன பயன் என்று நான் எண்ணியதுண்டு.

ஆதலால், சென்ற ஆண்டு மேல்வகுப்பு மாணவர் சிலர் தீவுச் சுற்றுலாவுக்குத் தாமே ஒரு திட்டம் வரைந்து வந்தபோது பெரிதும் மகிழ்ந்தேன். காலையிற் புறாமலை, நண்பகலில் சோபர் தீவு, மாலையிற் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூர். எத்தனை மணிக்கு எங்கே, யாருக்கு எவ்வளவு உணவு என்பன எல்லாம் அழகாக எழுதப்பட்டிருந்தன. அதனை எடுத்துக்கொண்டு, எனக்குப் பழக்கமான முதிய சம்மாட்டியார் ஒருவரிடம் சென்றேன். அவர் மாணவன் ஒருவனைக் கொண்டு அதனை வாசிப்பித்துக் கேட்டார். பின்னர், “அதிபர் ஐயா, போகிற நேரம் எல்லாம் இதில் இருக்கிறது. திரும்புகிற நேரத்தைக் காற்றிடம் கேட்டீர்களா?” என்றார்.

இவ்வினாவின் பொருளை அவரே விளக்கினார். எங்கள் கரைக்கு இருவகைக் காற்றுகள் உண்டு. ஐப்பசி தொடக்கம் தை வரை வாடை வீசும். அக்காலத்தில் அலை உயரும், மழை பொழியும். தீவுப் பயணம் என்ற பேச்சே வேண்டாம். பங்குனி தொடக்கம் புரட்டாதி வரை கடல் பெரும்பாலும் அமைதியானது. ஆனால் இக்காலத்தில் வீசும் கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கிச் செல்வது. கரையோரம் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். சற்று அப்பாற் சென்றதும் காற்று வலுக்கும். போகும்போது துணையாய் நின்ற காற்றுத் திரும்பும்போது எதிரியாகும். ஆகவே, கரையில் நிற்பவன் கண்ணை மட்டும் நம்பலாகாது.

வரலாறும் இதனையே கூறும். 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் புயலிற் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பலொன்று அதனைச் சீர்செய்யும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. அக்கப்பலில் வந்த இளைஞர் றொபேட் நொக்ஸ், 1660இல் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து, 1679இல் தப்பினார். ஒரு நாட் காற்று ஒருவர் வாழ்வின் இருபது ஆண்டுகளை மாற்றிவிட்டது.

அவ்வளவு பழைய கதைக்குப் போவானேன்? 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணி நீர்ப்பரப்பைக் கடந்த படகுப்பாதை கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். அது பெருங்கடலன்று, மக்கள் அன்றாடம் கடந்த நீர். இம்மாவட்டத்தில் ஆசிரியத் தொழில் செய்யும் எவரும் அந்தக் காலைப்பொழுதை மறக்க முடியாது.

இதனை அறிந்திருந்தும் நான் தடுமாறினேன் என்பதை மறைக்காமற் சொல்லவேண்டும். திட்டத்தைச் சுருக்கி, புறாமலை ஒன்றே போதும் என முடிவு செய்தோம். குறித்த நாட் காலையில் நாற்பது பிள்ளைகள் நிலாவெளிக் கரையிற் கூடிவிட்டனர். சம்மாட்டியார் நெடுநேரம் கடலைப் பார்த்திருந்து, “இன்றைக்கு வேண்டாம்” என்றார். பிள்ளைகளின் முகங்கள் வாடின. பெற்றோர் அரும்பாடுபட்டுத் தந்த பணம் என் நினைவுக்கு வந்தது. “ஒரு கிலோமீற்றர்தானே, அண்ணர்?” என்றேன். அவர் சினக்கவில்லை. “நீங்கள் சொன்னால் நான் தனியே போய் வருகிறேன், ஐயா. பிள்ளைகளை ஏற்றமாட்டேன்” என்றார். எனக்கு நாணமாயிற்று. கற்றவன் நான்; பொறுப்பை உணர்ந்தவர் அவர்.

அன்று மாலை பெரும் புயல் எழுந்தது என்று நான் கதை சொல்லப்போவதில்லை. எத்தீங்கும் நேரவில்லை. ஆயினும் அவர் தீர்ப்பே சரியானது. தீங்கு நேர்ந்த பின்னர்தான் எச்சரிக்கை உண்மையாகும் என்பதில்லை.

இரு வாரங்களின் பின் மீண்டும் சென்றோம். உயிர்காப்பு அங்கி அணிந்து, அளவான தொகையினராய்ப் படகுகளில் ஏறினோம். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்ட அத்தீவில், பாறை இடுக்குகளில் மாடப்புறாக்களைக் கண்டோம். தெளிந்த நீரிற் பவளப்பாறைகளைக் கண்டோம். ஆங்கிலேயர் காலத்தில் சுடுபயிற்சிக் களமாயிருந்த இடம் அது. 1998இல் கடல்நீர் வெப்பமுற்று நாட்டின் மேற்குக் கரைப் பவளங்கள் பெருமளவு அழிந்தபோதும், திருகோணமலைப் பவளங்கள் பெரும்பாலும் தப்பின. அவற்றுட் சில ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்வன. ஒரு பிள்ளையின் காலடியில் நொறுங்குவது, அப்பிள்ளையினும் மூத்ததாக இருக்கலாம். கரையிற் கிடந்த வெண்பவளத் துண்டொன்றைக் கையிலெடுத்த மாணவி, நான் சொல்லாமலே அதனை மீண்டும் அங்கேயே வைத்தாள்.

நேயர்களே, நீங்களும் இத்தீவுகளைக் காண வாருங்கள். நாளொன்றுக்கு ஒரு தீவு போதும். துறைமுகத்துத் தீவுகளுக்குச் செல்ல விரும்பின், அப்பகுதியிற் கடற்படையின் கட்டுப்பாடு உண்டாதலால், அனுமதியை முன்னரே கேட்டறியுங்கள். உங்கள் திட்டத்தில் ஒரு நாளை வெறுமையாக விட்டு வையுங்கள். அது காற்றுக்குரிய நாள். படகோட்டி வேண்டாம் என்றால் மறுபேச்சின்றி வீடு திரும்புங்கள். தீவு அங்கேயே இருக்கும். நாம் இருந்தால் இன்னொரு நாள் அதனைக் காணலாம்.