தண்ணீர் வரும் வழி

(நமது பள்ளிவாசலில் ஜமாஅத்தார் முன்னிலையில் இளைஞர்களுக்கு ஆற்றிய உரை)



சென்ற கோடையில் இரண்டு ஜுமுஆக்களுக்கு லாரித் தண்ணீர் வாங்கித்தான் நமது ஹவ்ழை நிரப்பினோம். நிர்வாகக் குழுவைக் குறை கூறியோர் பலர். ஆனால் அந்தத் தண்ணீர் எந்தக் குழாய் வழியாக வருகிறது, எந்த வால்வில் நின்றது என்று கேட்டபோது எவரிடமும் விடையில்லை. உளூவின் சட்டங்களை ஆண்டுக்கணக்கில் விளக்கிவரும் நமக்கும் தெரியவில்லை.

மும்பையின் ஜோகேஸ்வரியில் வாழும் எளிய மக்களின் பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேமராவால் கேட்டார்கள். ஆகான்ஷா சேவா சங், ஆகாஸ் என்னும் இரு இளைஞர் அமைப்பினர், ஆய்வாளர் நிகில் ஆனந்த், காம்ப் கலைக்குழு ஆகியோரின் துணையுடன் 2008ஆம் ஆண்டு பன்னிரண்டு குறும்படங்களை எடுத்தனர். 'ஏக் டஜன் பானி' என்பது அவற்றின் பெயர். மும்பைக்கான தண்ணீர் தொலைவிலுள்ள ஏரிகளிலிருந்து வந்து, பகுதிக்குச் சில மணி நேரம் என்று முறைவைத்துத் திறந்துவிடப்படுகிறது. நீண்ட சாவியால் வால்வைத் திருப்பும் ஊழியரை அங்கே 'சாவிவாலா' என்பர். அவருடைய கையசைவில்தான் ஒரு தெருவின் காலைப்பொழுது அமைகிறது. நிகில் ஆனந்த் பின்னர் 2017இல் வெளியிட்ட 'ஹைட்ராலிக் சிட்டி' என்னும் நூல் இந்நகரின் தண்ணீரைப் பற்றியதே.

நமது திருப்பூரில் படமெடுக்க விஷயத்திற்குப் பஞ்சமா? பவானிப் பக்கத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் பனியன் தொழிலை முன்னிட்டே உருவானது. வந்த தண்ணீர் போன வழியோ வேதனைக்குரியது. 1992இல் நொய்யலின் குறுக்கே பாசனத்திற்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானது. கீழ்ப்பகுதி உழவர்களின் நிலம் கெட்டது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அன்று வேலையிழந்தோர் நமது மஹல்லாவிலும் உண்டு. உழவரின் கண்ணீரும் உண்மை, தொழிலாளியின் பசியும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கும் படம் நமக்கு வேண்டாம்.

இன்று கழிவுநீரைச் சவ்வு வழியே வடிகட்டி, மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்துகின்றனர். எஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பை மீட்கின்றனர். மிஞ்சும் சேற்றை என்செய்வது? அதையும் கேளுங்கள்.

முதற்படம் நமது ஹவ்ழிலிருந்தே தொடங்கட்டும். குழாய், மேல்நிலைத் தொட்டி, தரைத்தொட்டி, தெரு வால்வு என்று பின்னோக்கிச் செல்லுங்கள். நான்கு நிமிடம் போதும். அனுமதியின்றி எவர் முகத்தையும் எடுக்காதீர்கள். பின்னணி இசை வேண்டுமா என்று ஒரு தம்பி கேட்டார். மோட்டார் ஓசையே போதும் என்றோம்!

இன்னொரு தம்பியின் தந்தை 2011இல் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். இரண்டாவது படத்தில் பேச இசைந்திருக்கிறார். ஞாயிறு அஸருக்குப்பின் வருவார், இன்ஷா அல்லாஹ். கேள்விகளை எழுதிக்கொண்டு வாருங்கள்.