எந்தக் கல்லூரி என்று கேட்கிறார்கள்



ஐயாவின் நினைவாகப் பேச வேண்டும் என்று அமைப்பினர் சொன்னதும், எதைப் பேசுவது என்பதில் எங்களுக்குக் குழப்பம் வரவில்லை. ஐயா ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆசிரியர். மே, ஜூன் மாதங்களில் அவர் வீட்டுத் திண்ணையில் விண்ணப்பப் படிவங்கள் பரப்பிக் கிடக்கும். சாதிச் சான்றிதழுக்கு தாலுகா அலுவலகம், வருமானச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ., கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாவின் கைரேகை என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் அலைவார். எங்களில் பலர் அந்தத் திண்ணையிலிருந்து கல்லூரிக்குப் போனவர்கள். அதே மே, ஜூனில்தான் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரங்களும் வருகின்றன. கோட்டு சூட்டு போட்ட பத்துப் பேர் படம், அவர்களின் பதவிகள், கீழே கல்லூரியின் பெயர். எங்களிடம் படித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் பாருங்கள் என்கிறது விளம்பரம். இன்று அந்தக் கணக்கைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

விளம்பரம் கூசாமல் செய்வதையே உலகத் தரவரிசைகள் அறிவியல் என்ற பெயரில் செய்கின்றன. 2003இல் தொடங்கிய ஷாங்காய் தரவரிசையில், பின்னர் நோபல் பரிசோ ஃபீல்ட்ஸ் பதக்கமோ பெற்ற முன்னாள் மாணவர்களுக்கு 10 விழுக்காடு மதிப்பெண் ஒதுக்கினார்கள். 2007இல் பாரிஸின் சுரங்கப் பொறியியல் கல்விக்கூடம் ஒரு படி மேலே போனது. உலகின் 500 பெரிய நிறுவனங்களின் தலைமை நிர்வாகிகள் எங்கே பட்டம் வாங்கினார்கள் என்பதை மட்டும் எண்ணி, அதுவே பல்கலைக்கழகத்தின் தரம் என்று பட்டியல் போட்டது. ஒருவர் இரண்டு இடங்களில் படித்திருந்தால் புள்ளியைப் பகிர்ந்து கொடுப்பார்கள். மற்றப் பட்டியல்களில் பின்தங்கியிருந்த பிரெஞ்சுக் கல்விக்கூடங்கள் இதில் முன்வரிசைக்கு வந்துவிட்டன, பட்டியல் போட்டவர்களின் கல்விக்கூடம் உட்பட. பந்தி பரிமாறுகிறவர் சொந்தக்காரர் என்றால் இலையில் என்ன விழும் என்று நமக்குத் தெரியாதா? 2013இல் டைம்ஸ் உயர்கல்வி இதழும் இதே முறையில் ஒரு பட்டியல் வெளியிட்டது. முதலிடம் ஹார்வர்டுக்கு.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கை உரித்துக்காட்டியவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். சமூகவியல் படித்தவர்களுக்கு பியர் பூர்தியுவைத் தெரியும். கிராமத்து அஞ்சல் ஊழியரின் மகன். பிரான்சின் உயர்மட்டக் கல்விக்கூடங்கள் திறமையைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஏற்கெனவே மேலே இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கே புதிய பட்டயம் எழுதித் தருகின்றன என்று 1989இல் ஒரு பெரிய நூலையே எழுதினார். அந்த நூல் வந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அதே கல்விக்கூடங்களில் ஒன்று, எத்தனை முதலாளிகள் எங்களிடமிருந்து வந்தார்கள் பாருங்கள் என்று பெருமையாக எண்ணிக்காட்டுகிறது. அவர் குற்றமாகச் சொன்னதை இவர்கள் தகுதிச் சான்றாக நீட்டுகிறார்கள்.

இதே கணக்கை இந்தியாவில் போட்டால் என்ன கிடைக்கும்? 2012இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாட்டின் முன்னணி 1000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் இருந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் சாதியைப் பார்த்தார்கள். ஏறக்குறைய 93 விழுக்காடு முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்ந்து 3.5 விழுக்காடு. இந்த 93 பேர் படித்த கல்லூரிகளை எண்ணி ‘சிறந்த கல்லூரிகள்’ என்றால், அங்கே எண்ணப்படுவது எது? கல்லூரி வாசலுக்கு வரும் முன்பே யாருக்கு என்ன இருந்தது என்பதுதான். சாதியை நேரடியாக எண்ணச் சொன்னால் சமூகம் பிளவுபடும் என்று பதறுகிறவர்கள், அதையே கல்லூரிப் பெயரால் எண்ணும்போது கைதட்டுகிறார்கள்.

அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை அப்படியில்லையே, அனைவரையும் உள்ளடக்கும் தன்மைக்கும் மதிப்பெண் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது, பிரித்துப் பார்ப்போம். நூற்றுக்குப் பத்து. அந்தப் பத்தில் வெளிமாநில மாணவர்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லாம் போக, பொருளாதார, சமூக நிலையில் பின்தங்கிய மாணவர்களுக்கென நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டது ஐந்தில் ஒரு பங்கு. அதாவது நூற்றுக்கு இரண்டு. அதுவும் எத்தனை பேருக்குக் கல்விக் கட்டணம் முழுதாகத் திருப்பித் தரப்பட்டது என்ற கணக்குதான். வகுப்பில் அவர்களை எப்படி நடத்தினார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்பதற்கு இடமில்லை. அந்தக் கல்லூரியைப் பற்றி வேலை கொடுப்போரும் பேராசிரியர்களும் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கோ முழுதாகப் பத்து மதிப்பெண். மேட்டுக்குடியின் நல்லெண்ணம் நம் பிள்ளையைப் போல ஐந்து மடங்கு எடை.

அந்தத் தரவரிசை முதன்முதலில் வெளிவந்தது 2016 ஏப்ரலில். பல்கலைக்கழகங்களில் ஹைதராபாத் பல்கலைக்கழகம் நான்காம் இடம். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், ஜனவரி 17 அன்று, அந்த வளாகத்தில்தான் ரோகித் வெமுலா இறந்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து ஆய்வு மாணவர்களில் ஒருவர். ஏழு மாத உதவித்தொகை தமக்கு வரவேண்டியிருக்கிறது என்று கடைசிக் கடிதத்தில் எழுதிவைத்திருந்தார். நான்காம் இடத்தைக் குறைக்கும் கட்டம் எதுவும் அந்தப் படிவத்தில் இல்லை.

அண்ணலையே எடுத்துக்கொள்வோம். நம்மவர்களும் இதில் தவறுகிறோம். கொலம்பியா, லண்டன் பொருளியல் கல்விக்கூடம், கிரேஸ் இன் என்று பட்டங்களை அடுக்கிச் சுவரொட்டி அடிக்கிறோம். அடிக்கத்தான் வேண்டும், எதிரில் நிற்பவனுக்குப் புரியும் மொழி அதுதான். ஆனால் பாரிஸ் முறைப்படி அவருக்கான புள்ளியைப் பகிர்ந்தால், நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் மும்பை எல்ஃபின்ஸ்டனுக்கும் போகும். 1913இல் அவரைக் கப்பலேற்றிய பரோடா மன்னரின் உதவித்தொகைக்குப் புள்ளி கிடையாது. மறுபடி லண்டன் போகக் கைகொடுத்த கோலாப்பூர் சாகு மகராஜுக்குக் கிடையாது. மகனின் படிப்புக்காகக் கடன் வாங்கிய அப்பா ராம்ஜிக்குக் கிடையாது. சாதாராவில் கோணிச் சாக்கில் தனியே உட்காரவைத்து, பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்று வைத்திருந்த பள்ளிக்குக் கழிக்கப்படும் புள்ளியும் கிடையாது. 1918இல் பேராசிரியராகச் சேர்ந்த கல்லூரியில் சக பேராசிரியர்கள் அவர் பொதுப் பானையில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்றார்களே, அதை எந்தப் பட்டியலில் எழுதுவது?

அவரே கல்லூரி தொடங்கியபோது என்ன செய்தார் என்பதும் பார்க்கத்தக்கது. 1946இல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரி, 1950இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி. உயர்கல்வி எட்டாத மராத்வாடா வட்டாரத்தில், ஊரிலிருந்து முதன்முதலாக வந்த பிள்ளைகளுக்காக மிலிந்த். மராத்தி தலித் இலக்கியம் வேர்பிடித்த முக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. இந்த மாதிரி இலக்கிய மன்றங்களுக்கே அது ஒரு தாய்வீடு எனலாம். எத்தனை தலைமை நிர்வாகிகளை உருவாக்கியது என்று கேட்டால் மிலிந்த் என்ன பதில் சொல்லும்?

இரட்டைமலை சீனிவாசன் கோவையில் படித்த நாட்களைத் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில், மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்கேயாவது படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்தபின் உள்ளே போவார். வகுப்பு கலைந்ததும் யாரும் கூட வந்துவிடாதபடி விரைந்து வீடு திரும்புவார். பின்னாளில் வட்டமேசை மாநாடு வரை போனவர். அவரை ‘எங்கள் முன்னாள் மாணவர்’ என்று இன்று யாராவது உரிமை கொண்டாடினால், எங்கள் கேள்வி ஒன்றுதான்: மணிக்கு முன்னால் அவர் எங்கே நின்றார் தெரியுமா?

அயோத்திதாசப் பண்டிதரிடம் கல்லூரிப் பட்டம் இல்லை. தமிழும் சித்த மருத்துவமும் கற்றவர், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியவர். கேரளத்தின் அய்யங்காளிக்கு எழுத்தே தெரியாது. ஆனால் புலயர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதற்காக வயல்வேலையை நிறுத்தியவர் அவர். பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். சாதி வெறியர்கள் பள்ளியையே எரித்தார்கள். 1937இல் காந்தி வெங்ஙானூருக்கு வந்தபோது, தம் சமூகத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைப் பார்த்துவிட வேண்டும் என்பதே தம் ஆசை என்று அய்யங்காளி சொன்னதாக வரலாறு. எந்தக் கல்லூரியின் பி.ஏ. என்று அவர் சொல்லவில்லை.

எங்களைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். முதலிடத்தில் இருக்கும் நிறுவனத்துக்கு நம் பிள்ளைகள் போகவே கூடாது என்பதல்ல பேச்சு. போக வேண்டும், கூட்டமாகப் போக வேண்டும், ஒதுக்கிய இடம் ஒன்றுகூடக் காலியாக இருக்கக் கூடாது. அந்தக் கதவு வேலைக்கும் வெளிநாட்டுக்கும் திறக்கும் கதவு என்பது எங்களுக்கும் தெரியும். எங்களில் ஒருவர் அரசு கலைக் கல்லூரியில் இளங்கலை முடித்து நேர்முகத் தேர்வுக்குப் போனார். ‘எந்தக் கல்லூரி?’ என்று கேட்டார்கள், சொன்னார். அதன்பின் கேள்வியே வரவில்லை. நான்கு நிமிடத்தில் வெளியே வந்தார். அந்தக் கல்லூரியில் அவருடன் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டின் முதல் பட்டதாரிகள். செங்கல் சூளையிலிருந்தும் கரும்பு வெட்டிலிருந்தும் வந்தவர்களை மூன்றாண்டில் பட்டம் வாங்க வைத்த ஆசிரியர்களின் உழைப்பு, அந்த நான்கு நிமிடத்தில் குப்பைக்குப் போனது. ஏறத் தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு உயரம் ஏறினார்கள் என்று அளந்தால், அந்தக் கல்லூரி எங்கே இருக்கும்? அப்படி அளக்கும் முறைகள் வேறு நாடுகளில் பேசப்படுகின்றன. மாணவரின் குடும்ப வருமானம் தொடக்கத்தில் என்ன, பின்னாளில் என்ன என்று பார்க்கிறார்கள். இங்கே சாதியையும் சேர்த்து அப்படி அளக்கக் கேட்க வேண்டியது நாம்தான்.

அதற்காக ஒரு சிறு வேலை. வாசலில், ஐயாவின் படத்துக்குப் பக்கத்தில், நீளமான கணக்கு நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். ஊர்ப் பள்ளியின் பெயர், உங்களுடன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், கல்லூரி வரை வந்தவர்கள் எத்தனை பேர், முதல் கட்டணம் யார் கட்டினார்கள், விண்ணப்பம் யார் நிரப்பினார்கள், உதவித்தொகை எந்த மாதம் வந்தது என்று கட்டம் போட்டிருக்கிறோம். உங்கள் பெயர் எழுத வேண்டியதில்லை. பாதியில் நின்றவர்களுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது, அதையும் நிரப்புங்கள். பேனா கட்டித் தொங்குகிறது.