மும்பைக் கடற்கரைக்கு வரும் விருந்தினர்



மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம் இல்லங்களுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால், “கடற்கரைக்கு எப்போது போகலாம்?” என்று மறுநாளே கேட்பது வழக்கம். அது இயல்பே. கிர்காம் சௌபாத்தியின் பேல்பூரியும் குல்பியும், 1920-ஆம் ஆண்டு தம் உடல் எரியூட்டப்பட்ட அம்மணலில் சிலையாய் நிற்கும் திலகரும், மரைன் டிரைவின் விளக்கு வரிசையும் எவரையும் ஈர்ப்பனவே. மாதுங்கா ரோடில் மின்ரயில் ஏறிச் சர்னி ரோடில் இறங்கினால், கடற்கரை நடக்கும் தொலைவுதான்.

ஆயினும் புறப்படுமுன் விருந்தினரிடம் நாம் ஒன்று சொல்லிவிட வேண்டும். மெரினாவில் பழகிய கண் மும்பைக் கடலைத் தவறாக எடைபோட்டுவிடும். சென்னையில் அஞ்ச வேண்டியது அலை. அதன் சீற்றம் கண்ணுக்குத் தெரியும். கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் அங்கே ஏறத்தாழ ஒரு மீட்டரே. மும்பையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது நான்கு மீட்டரையும் தாண்டும். அந்நாட்களில் நண்பகலை ஒட்டி ஏறி நிற்கும் கடல், மாலையில் வெகுதூரம் உள்வாங்கி, அகன்ற மணலையும் பாறைகளையும் வெளிக்காட்டும். நாம் அவற்றின்மேல் நடந்து மகிழ்ந்திருக்கையில், இருளோடு இருளாகத் திரும்பி வரும்.

மழைக்காலத்தில் இந்த ஏற்றத்தோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. 2023 ஜூனில், பிபர்ஜாய் புயல் அரபிக்கடலைக் கலக்கிய வேளையில், ஜுஹூவில் இறங்கிய சிறுவர் நால்வர் மாண்டனர். மழையில்லா நாட்களிலும் பாறைகளை நம்புவதற்கில்லை. 2016 ஜனவரியில் பாந்திராவின் பாறைகளில் படம் எடுக்க நின்ற இளம்பெண் கடலில் வீழ்ந்து இறந்தாள். காக்கக் குதித்தவரும் மீளவில்லை.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உள. நாலரை மீட்டருக்கு மேல் கடல் ஏறும் நாட்களையும் நேரங்களையும் மாநகராட்சி ஆண்டுதோறும் மழைக்கு முன்பே அறிவிக்கிறது. அதைக் குறித்து வைத்துக்கொள்வோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நீரில் இறங்காதிருப்போம். சிவப்புக் கொடி பறக்குமிடத்தில் கரையோடு நிற்போம். மரைன் டிரைவில் சுவரைத் தாண்டிக் கான்கிரீட் கட்டைகளின்மேல் இறங்குவதை விலக்குவோம். விநாயகர் சிலைகளைக் கரைக்கும் நாட்களில் திருக்கை மீன் கரையருகே வருவதுண்டு. வெறுங்காலுடன் நீரில் நிற்பது நன்றன்று. கூட்டத்தில் குழந்தையின் கை நம் கையிலும், பணப்பை நம் கண்ணிலும் இருக்கட்டும்.

எவரேனும் நீரில் தத்தளித்தால் நாமும் குதித்துவிடக் கூடாது. கயிறோ, வேட்டியோ, மிதக்கும் வெற்றுக் குடமோ எட்டுமாறு வீசி, உயிர்காப்பாளரைக் கூவி அழைத்து, 112 என்ற எண்ணுக்குத் தெரிவிப்பதே முறை.

வந்தவர்களுக்கு இவ்வூர்க் கடலின் இயல்பு தெரியாது. நமக்குத் தெரியும். கடற்கரைக்குப் புறப்படுமுன் அன்றைய ஏற்ற நேரத்தைக் கேட்டறிவது விருந்தோம்பும் நம் கடமை.