சொல்லும் துணிவும் கேட்கும் செவியும்
(விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



இங்குக் கூடியிருப்போருள் பள்ளியில் பணிபுரிவோர் உண்டு. அலுவலகத்தில் இருப்போர் உண்டு. பாத்திரக் கடையோ அரிசி மண்டியோ நடத்துவோரும் உண்டு. இவர்கள் அனைவரும் ஒரு சொல்லைக் கேட்டே இருப்பர். கணக்கில் பிழை நேர்ந்து, சரக்குத் திரும்பி வந்து, வாடிக்கையாளர் கோபித்துச் சென்ற பின்னர் உடன் பணிபுரிபவர் ஒருவர் மெல்லச் சொல்வார்: "அப்போதே நினைத்தேன்." நினைத்தவர் அப்போதே ஏன் சொல்லவில்லை? சேர்ந்து பணிபுரிவோர் ஒரு குழுவாக இருக்கின்றனரா, ஒரே கூரையின்கீழ் இருக்கின்றனரா என்பது இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது.

இதற்கு விடை காணப் பெருவிலை கொடுத்த துறை வானூர்தித் துறை.

1978ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் மாலை, அமெரிக்காவின் டென்வரிலிருந்து வந்த யுனைடெட் நிறுவனத்தின் 173ஆம் எண் விமானம் போர்ட்லாந்து நகரில் இறங்க முற்பட்டது. அதில் 189 பேர் இருந்தனர். சக்கரங்களை இறக்கியபோது வழக்கத்திற்கு மாறான ஓசையும் அதிர்வும் எழுந்தன. சக்கரம் உறுதியாகப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கும் எரியவில்லை. தலைமை விமானி நெடுநாள் அனுபவம் உடையவர். இறங்கும்போது பயணிகளுக்குத் தீங்கு நேராதிருக்க எல்லா ஏற்பாடுகளையும் செய்துவிட விரும்பினார். அதற்காக நிலையத்தின் அருகிலேயே ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் அஞ்சியது சக்கரத்தை, தீர்ந்துகொண்டிருந்ததோ எரிபொருள்.

உடனிருந்த விமானப் பொறியாளர் அதை அறிந்தே இருந்தார். இன்னும் 15 நிமிடம் என்றால் எரிபொருள் மிகக் குறைந்துவிடும் என்று சொல்லவும் செய்தார். ஆயினும், உடனே இறங்கியாக வேண்டும், இன்றேல் விழுவோம் என்று அழுத்திச் சொல்லும் சொல் உரிய காலத்தில் எவர் வாயிலிருந்தும் வரவில்லை. எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. புறநகர்ப் பகுதியில் மரங்களினூடே விமானம் வீழ்ந்தது. 10 பேர் மாண்டனர். அப்பொறியாளரும் அவர்களுள் ஒருவர்.

இந்நிகழ்ச்சியில் தீயவர் எவருமிலர். தலைவர் அக்கறையால் காலம் தாழ்த்தினார்; உடனிருந்தோர் அவரை மதித்துக் குரலைத் தாழ்த்தினர். பெரியவர் முன் அடங்கிப் பேசுவது பண்பு என்றே வீடுகளில் குழந்தைகள் பழக்கப்படுகின்றனர். அப்பண்பே ஓரிடத்தில் உயிரைக் குடிக்கும் என்பது எளிதில் செரிக்கும் செய்தியன்று.

விபத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், இரு சாராருக்கும் பயிற்சி வேண்டுமெனப் பரிந்துரைத்தது. தலைமை விமானிக்கு உடனிருப்போரைக் கலந்து முடிவெடுக்கும் பயிற்சி. மற்றவர்க்குத் தம் கருத்தை உறுதிபட உரைக்கும் பயிற்சி. இரண்டாவதை நடத்திவிட்டு முதலாவதை மறந்துவிடும் நிறுவனங்கள் இன்றும் பல. "தயங்காமல் பேசுங்கள்" என்று சுவரில் எழுதி வைப்பர். பேசியவருக்கு அடுத்த ஆண்டு ஊதிய உயர்வு இராது! யுனைடெட் நிறுவனம் 1981இல் இரண்டையும் சேர்த்தே தன் விமானிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கியது.

அதன் பயன் 1989ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் தெரிந்தது. அதே நிறுவனத்தின் 232ஆம் எண் விமானம் 296 பேருடன் சிகாகோ நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. வாலிலிருந்த எஞ்சினின் விசிறித் தட்டு உடைந்து சிதறியது. விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் வேண்டிய எண்ணெய் அழுத்த அமைப்புகள் மூன்றும் அதனால் செயலிழந்தன. மூன்றும் ஒருங்கே போகும் என்று கருதாததால் அந்நிலைக்கு வழிகாட்டும் விதிநூலும் இல்லை.

தலைமை விமானி ஆல் ஹேன்ஸ் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். எனினும் தமக்கு விடை தெரியாது என்பதை மறைக்க அவர் முயலவில்லை. அந்நிறுவனத்தின் பயிற்சி விமானி டென்னிஸ் ஃபிட்ச் பயணிகளிடையே அமர்ந்திருந்தார். உதவ விரும்புவதாக அவர் சொல்லி அனுப்பியதும் ஹேன்ஸ் அவரை உள்ளே அழைத்தார். எஞ்சிய இரண்டு எஞ்சின்களின் விசைப் பிடிகளை அவரிடம் ஒப்படைத்தார். ஒரு பக்கம் கூட்டியும் மறுபக்கம் குறைத்தும் விமானத்தைத் திருப்பினார் ஃபிட்ச். ஹேன்ஸும் துணை விமானி வில்லியம் ரெக்கார்ட்ஸும் தம் பிடிகளை விடவில்லை. பொறியாளர் டட்லி டிவோராக் தரையிலிருந்த வல்லுநரிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார். தரையிறங்கும் நேரம் நெருங்கியபோது டிவோராக் தம் இருக்கையை ஃபிட்சுக்குக் கொடுத்துவிட்டு வேறிடத்தில் அமர்ந்தார். இருக்கையை விட்டுக்கொடுப்பது எவ்வளவு அரிது என்பது அலுவலகத்தில் பணிபுரிந்தவர்க்குத் தெரியும்.

எஞ்சின் உடைந்து 44 நிமிடங்களுக்குப் பின் விமானம் சூ சிட்டி நிலையத்தில் மோதி உடைந்து தீப்பற்றியது. 112 பேர் இறந்தனர். 184 பேர் பிழைத்தனர். விமானி அறையிலிருந்த நால்வரும் பிழைத்தனர். பின்னர் இதே நிலையைப் பயிற்சிக் கருவியில் அமைத்துத் தேர்ந்த விமானிகள் முயன்றும், பத்திரமாகத் தரையிறக்க இயலவில்லை. ஹேன்ஸ் பிற்காலத்தில் பல அவைகளில் பேசினார். தலைவன் சொல்லே முடிவு என்றிருந்த பழைய முறையில் தாம் அவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது என்பதையே எடுத்துரைத்தார்.

கடை விமானமன்று எனச் சிலர் எண்ணக்கூடும். ஹார்வர்டுப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களிடையே மருந்து வழங்குவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைந்திருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. பதிவேடுகளோ நல்ல குழுக்களிலேயே பிழை மிகுதி என்று காட்டின. அங்கே பிழையை அஞ்சாது சொன்னார்கள். சினத்துக்கு அஞ்சிய இடங்களில் மறைத்தார்கள்.

கடையில் பொட்டலம் கட்டும் பையன் முதலாளியிடம் வந்து, "ஐயா, ஒன்று சொல்லலாமா?" என்று தொடங்குகிறான். "வியாபார நேரத்தில் என்ன பேச்சு? அப்புறம் பார்க்கலாம்" என்பது வழக்கமான விடை. அவன் அந்தப் பிழையைக் கண்டதும் வியாபார நேரத்தில்தான்.