கூப்பிய கையும் நீட்டிய கையும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று காலை இம்மண்டபத்தின் வாயிலில் சிறிது நேரம் நின்றிருந்தேன். முதியவர்கள் கைகூப்பி ‘ஜெய ஜினேந்திரா’ என்றனர். அலுவலகம் செல்லும் வயதினர் கைகுலுக்கிக்கொண்டனர். கல்லூரிப் பெண்கள் ஒருவரையொருவர் தழுவி மகிழ்ந்தனர். ஒரு பாட்டியார் தம் பேத்தியை முன்னே தள்ளி, “பெரியப்பாவுக்கு ஒரு முத்தம் கொடு” என்றார். அந்தச் சிறுமி தூணைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். இந்தக் காட்சியே இன்றைய என் உரைக்குப் பொருளாயிற்று.

‘நம் பண்பாடு கெட்டுவிட்டது, கைகூப்பும் வழக்கம் மறைகிறது’ என்று நம்மில் பலர் வருந்துகிறோம். நானும் நெடுநாள் அவ்வாறே வருந்தினேன். இன்று அத்துணை எளிதாக அதனைச் சொல்ல என் நா எழவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். வணங்கு என்றால் வளைதல், தாழ்தல். அதிலிருந்து பிறந்ததே வணக்கம். தொழுதல், கும்பிடுதல், இறைஞ்சுதல் என்று பணிவைக் குறிக்க நம்மிடம் பல சொற்கள் உண்டு. அதே தமிழில் தழுவுதல், புல்லுதல், முயங்குதல் என்று அணைப்பைக் குறிக்கவும் சொற்கள் உண்டு. பிள்ளையின் தலையை முகந்து அன்பு காட்டுவதை ‘உச்சி மோத்தல்’ என்றனர் முன்னோர். எனவே, தொட்டு அன்பு காட்டுவது அயலிலிருந்து வந்தது என்பது பொருந்தாது. யாரை, எப்போது, எங்கே தொடலாம் என்பதில்தான் நம்மவர்க்கு வரையறை இருந்தது. ஏன், சந்தித்தவுடன் ‘வணக்கம்’ என்று கூறுவதே கடந்த நூற்றாண்டில்தான் ‘நமஸ்காரம்’ என்ற சொல்லை விலக்கிப் பொதுவழக்காக ஊன்றியது. நாம் தொன்மை என்று போற்றுவனவற்றிலும் புதுமை கலந்திருக்கிறது.

கைகுலுக்கலும் நேற்றுத் தோன்றியதன்று. அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனேசரும் பாபிலோனிய மன்னனும் வலக்கை பற்றி நிற்கும் கற்சிற்பம் ஒன்று இராக்கில் கிடைத்துள்ளது. அது கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பழைய கிரேக்கரின் கல்லறைக் கற்களில், இறந்தவரும் உயிரோடிருப்பவரும் கைபற்றி விடைபெறும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்னும் சமயக் குழுவினர், மேட்டுக்குடியினர்முன் தொப்பியைக் கழற்றித் தலை தாழ்த்த மறுத்தனர். எல்லாரையும் நிகராகக் கருதிக் கைகொடுத்தனர்.

கையில் ஆயுதம் இல்லை என்று காட்டவே கைகுலுக்கல் பிறந்தது என்று சொல்வாரும் உளர். அது எவ்வாறாயினும், நம் வள்ளுவப் பெருந்தகை கூடா நட்பைப் பேசுமிடத்தில், பகைவர் தொழுகின்ற கைக்குள்ளும் படை ஒளிந்திருக்கும் என்று எச்சரிக்கிறார். ஆகவே, கூப்பிய கை என்பதனாலேயே அது தூயது என்றும், நீட்டிய கை என்பதனாலேயே அது தாழ்ந்தது என்றும் நாம் முடிவு செய்துவிட இயலாது.

நோய்களும் இவ்வழக்கங்களை மாற்றியதுண்டு. கொள்ளைநோய் பரவிய 1439ஆம் ஆண்டில், மன்னருக்குப் பணிவு தெரிவிக்கையில் முத்தமிடும் சடங்கைத் தவிர்க்க ஒப்புதல் வேண்டி இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் விண்ணப்பம் செய்தனர். 2020இல் கொரோனா வந்தபோது, கன்னத்தோடு கன்னம் சேர்த்து முத்தமிடும் பிரெஞ்சு மக்களை அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் கேட்டுக்கொண்டார். பிரிட்டிஷ் இளவரசராக அன்றிருந்த சார்லஸ், விருந்தினரிடம் நீட்டிய கையைச் சட்டென இழுத்துக்கொண்டு கைகூப்பினார். அதைத் தொலைக்காட்சியில் கண்டு நாம் எவ்வளவு பெருமை கொண்டோம்!

அந்தப் பெருமையின் நடுவில்தான் எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. 1984இல் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணியில் சேர்ந்தேன். அங்கே என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்தவர். ஊர்ப் பெரியவர்கள் எங்களுக்குக் கைகூப்புவர். அவருக்குத் தலையசைப்போடு நிறுத்திக்கொள்வர். ஆண்டு விழாவில் மாவட்டக் கல்வி அலுவலர் மேடையில் அவருடைய கையைப் பற்றிக் குலுக்கினார். விழா முடிந்தபின் அவர் சொன்னார்: “அம்மா, நான் எல்லாரையும் கும்பிட்டே வளர்ந்தவன். இந்த ஊரில் என் கையை ஒருவர் பற்றியது இதுவே முதல்முறை.” எனக்கு மறுமொழி தோன்றவில்லை. கைகூப்புதலில் உள்ள இடைவெளி, மரியாதைக்காக விட்ட இடைவெளி என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். சிலரைத் தொடாமலிருக்கவும் அது வசதியாயிற்று என்பதை அன்று அறிந்தேன்.

இன்னொரு நிகழ்ச்சி, அது என் பிழை. பின்னாளில் ஒரு பெண்கள் பள்ளியில் இருந்தேன். பரிசளிப்பு விழாவில் கட்டுரைப் போட்டியில் முதலிடம் பெற்ற பத்தாம் வகுப்பு மாணவி மேடையேறினாள். சிறப்பு விருந்தினர் பரிசைத் தந்துவிட்டுக் கையை நீட்டினார். அவள் அஞ்சிப் பின்வாங்கினாள். படி தவறித் தடுமாறினாள். அரங்கு சிரித்தது. ஆசிரியர் வரிசையில் அமர்ந்து சிரித்தவர்களுள் நானும் ஒருத்தி. மறுநாள் வகுப்பில், “கை கொடுத்தால் தேய்ந்தா போய்விடுவாய்?” என்று வேறு கேட்டேன். அதன்பின் அவள் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. பள்ளி முடித்துச் சென்ற பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை. தன்னை யார் தொடலாம் என்று முடிவு செய்யும் உரிமை அச்சிறுமிக்கு உண்டு என்பது, ஆசிரியையாகிய எனக்கு அன்று தெரியவில்லை.

உலக நாடுகளே இதில் தடுமாறுகின்றன. சுவிட்சர்லாந்துப் பள்ளிகளில் ஆசிரியருடன் மாணவர் கைகுலுக்குவது மரபு. 2016இல் அங்கே இரு மாணவர்கள் சமயக் காரணம் கூறிப் பெண் ஆசிரியரோடு கைகுலுக்க மறுத்தனர். பள்ளி அவர்களுக்கு விலக்களித்தது. மாநில அரசோ, கைகுலுக்கியே ஆகவேண்டும் என்றது. சுவீடனில் வேலைக்கான நேர்காணலுக்குச் சென்ற ஒரு பெண், ஆணின் கையைப் பற்றாமல் தம் நெஞ்சில் கைவைத்து வணக்கம் தெரிவித்தார். நேர்காணல் அத்துடன் முடிக்கப்பட்டது. 2018இல் அந்நாட்டுத் தொழிலாளர் நீதிமன்றம் அப்பெண்ணுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரே கேள்விக்கு இரு நாடுகளில் இரு விடைகள்!

நம் சமயத்தில் இதற்கு வழிகாட்டல் இல்லாமல் இல்லை. முனிவரைக் கண்டால் ‘நமோஸ்து’ என்கிறோம். ஆர்யிகையரை ‘வந்தாமி’ என்றும், க்ஷுல்லகரை ‘இச்சாமி’ என்றும் வணங்குகிறோம். அவரவர் ஏற்றுள்ள விரதத்திற்கு ஏற்பச் சொல் மாறுகிறது. பெண்கள் முனிவரைச் சற்று விலகி நின்று வணங்குகிறோம். அந்த இடைவெளியை அன்பின்மை என்று எவரும் கருதுவதில்லை. எதிரில் நிற்பவரின் நிலையறிந்து அதற்கேற்ப நடப்பதே அங்கே வணக்கமாகிறது. இந்த ஒரு நெறியை ஜினாலயத்திற்கு வெளியேயும் கொண்டுசென்றால் போதும் என்பது என் எண்ணம். மனத்தாலும் சொல்லாலும் உடலாலும் பிறர்க்கு நோவு செய்யாமை என்பதில், விரும்பாதவரைத் தொடாமையும் அடங்கும். கை நீட்டியவரை அவமதியாமையும் அடங்கும்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? சென்ற ஆண்டு பெங்களூரில் என் மகனின் புதுமனைப் புகுவிழாவில், அவனுடைய நண்பர் ஒருவர் என்னை நோக்கிக் கையை நீட்டினார். நான் பழக்கத்தால் கைகூப்பிவிட்டேன். அவருடைய கை ஒரு கணம் வெறுமனே நின்றது. உடனே நான் முகமலர்ந்து, “வாருங்கள் தம்பி, உங்களைப் பற்றி மகன் நிறையச் சொல்லியிருக்கிறான்” என்றேன். அவரும் சிரித்துக் கைகூப்பினார். முகம் மாறினால் விருந்தினர் வாடுவர் என்று குறள் சொல்வது எவ்வளவு உண்மை! முகம் மலர்ந்திருந்தால் கை எப்படி இருந்தாலும் பெரிதில்லை. இளைஞர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்வேன். பெரியவர் ஒருவர், குறிப்பாகப் பெண், முதலில் என்ன செய்கிறார் என்று ஒரு கணம் பொறுத்துப் பார்த்துப் பிறகு கையை நீட்டுங்கள்.

தாத்தா பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். 2012இல் போக்சோ சட்டம் வந்தபின், நல்ல தொடுதல் எது, தீய தொடுதல் எது என்று பள்ளிகளில் கற்பிக்கிறோம். ‘பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்’ என்கிறோம். அக்குழந்தை வீட்டுக்கு வந்ததும், ‘மாமாவுக்கு முத்தம் கொடு, இல்லாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார்’ என்று வற்புறுத்தினால், பள்ளியில் கற்றதை அது எப்படி நம்பும்? தூணைக் கட்டிக்கொள்ளும் குழந்தையை விட்டுவிடுங்கள். கைகூப்ப மட்டும் சொல்லிக்கொடுங்கள். அன்பு ஊறினால் அதுவே ஓடிவந்து மடியில் ஏறும்.

ஆண்டுதோறும் க்ஷமாவணி நாளில், அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்கு ஒருவரையொருவர் பொறுத்தருள வேண்டுகிறோம். இப்போது அதுவும் கைபேசிச் செய்தியாகிவிட்டது. பூப்படத்தோடு நூறு பேருக்கு ஒரே நொடியில் அனுப்பிவிடுகிறோம். யாரை உண்மையில் புண்படுத்தினோமோ, அவர் அந்த நூறு பேரில் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. அந்நாளில் என் நினைவுக்கு வருபவள் அந்தப் பத்தாம் வகுப்பு மாணவி. இந்த மலர் எங்கேனும் அவள் கையில் கிடைக்குமானால், மேடையிலிருந்து தடுமாறி இறங்கிய அவளுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்கிறேன்: அம்மா, பிழை என்னுடையது, பொறுத்தருள்க.