துணி போனது, பேர் நின்றது

(தலைப்பு: கடல் கடந்த வாணிபத்தில் சிறு நிறுவனத்தை வாழவைப்பது குறைந்த விலையே! – நல்ல பெயரே! ‘நல்ல பெயரே’ என்னும் அணியில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! ‘விலையே, விலையே’ என்று கூவிக் கூவி, மீன் ஏலத்தையே மேடைக்குக் கொண்டுவந்துவிட்ட எதிரணி நண்பர்களே! விடியற்காலையில் ஏரிக்குப் போய், வலையை உதறிப் போட்டுவிட்டு, ஈரம் காயாத கையோடு வந்து உட்கார்ந்திருக்கிற பழவேற்காட்டுப் பெருமக்களே! வீட்டிலே தொலைக்காட்சி முன்னால், சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே! அம்மா, சாம்பாரையும் ஒரு கண் பார்த்துக்குங்க! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “வெளிநாட்டுக்காரன் நம்மகிட்ட ஏன் வர்றான்? அவன் ஊர்ல நூறு டாலர் கேட்கிற வேலையை நாம இருபது டாலருக்குச் செய்து கொடுப்போம். அவ்வளவுதான் சார் ரகசியம்” என்றார். கைதட்டலும் வாங்கினார். நான் கேட்கிறேன், நடுவர் அவர்களே! நீங்க இருபதுக்குச் செய்தா, இன்னொரு நாட்டுக்காரன் பதினஞ்சுக்குச் செய்வான். நீங்க பதினஞ்சுக்கு இறங்கினா, அவன் பத்துக்கு இறங்குவான். கடைசியில், யார் முதலில் பட்டினி கிடக்கிறது என்பதுதான் போட்டியா இருக்கும்!

மனிதனோடாவது விலையில் போட்டி போடலாம். இப்போது செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று வந்திருக்கிறது. “எனக்கு ஒரு வலைத்தளம் வேணும்” என்று சொன்னால் சில நிமிடத்தில் ஒன்றைச் செய்து நீட்டுகிறது. அதற்குச் சோறு வேண்டாம், தீபாவளி போனஸ் வேண்டாம், மச்சினன் கல்யாணத்துக்கு லீவு வேண்டாம். அதனோடு போய் “நான் மலிவு” என்று மார்தட்ட முடியுமா?

நம்முடைய தலைப்பு காற்றில் தொங்கக் கூடாது. இந்த மண்ணிலேயே வைத்துப் பார்ப்போம். கோட்டைக்குப்பத்துப் பையன் ஒருவன், கம்ப்யூட்டர் படித்தவன். இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, வலைத்தளம் கட்டிக்கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம் ஆரம்பிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொன்னேரியில் இரண்டு கடை, சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் என்று செய்து முடித்துவிட்டான். அடுத்தபடியாகச் சிங்கப்பூர், துபாய், ஜெர்மனி என்று கடல் தாண்ட நினைக்கிறான். அவன் முன்னால் இரண்டு வழி. ஒன்று, பெருநகரத்து ஏஜெண்டிடம் வேலை வாங்கி, அடிமாட்டு விலைக்குச் செய்து கொடுப்பது. இன்னொன்று, கொஞ்சம் தாமதமானாலும் தன் பெயரில் வாடிக்கையாளரை நேராகப் பிடிப்பது. எந்த வழி அவனை வாழவைக்கும்? இதுதான் கேள்வி.

இதற்குப் பதில் சொல்ல அமெரிக்கா வரை போக வேண்டாம், ஐயா. நாம் உட்கார்ந்திருக்கிற இடத்தைத் தோண்டினாலே போதும். வெளிநாட்டுச் சந்தை என்பதை இந்த ஊர் நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே பார்த்துவிட்டது! 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா என்று ஒரு கோட்டையைக் கட்டினார்கள். எதற்காக? நம் ஏரி மீன் குழம்புக்காகவா? இல்லை. அவர்களுக்கு வேண்டியது கிராம்பும் ஜாதிக்காயும். அது விளைவது இந்தோனேசியப் பக்கத்துத் தீவுகளில். அந்தத் தீவுக்காரர்கள் விரும்பிக் கேட்டதோ சோழமண்டலக் கரைத் துணி! ஆக, இங்கே துணி வாங்கு, அங்கே கொண்டுபோய் மசாலாவாக மாற்று, அதை ஐரோப்பாவில் விற்று லாபம் பார். இதுதான் கணக்கு.

அந்தத் துணிக்கு எவ்வளவு மதிப்பு தெரியுமா? இன்றைக்கும் மலேசியாவிலே கட்டம் போட்ட கைலிக்கு மலாய் மொழியில் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். பெலிக்காட் என்றால் வேறு எதுவுமில்லை, நம் பழவேற்காடு! கோட்டை இடிந்து போய்விட்டது. டச்சுக்காரர்கள் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஊர்ப் பெயர் மட்டும் இன்னும் மலாய்க்காரர் இடுப்பில் இருக்கிறது! (பலத்த கைதட்டல்)

இப்போது எதிரணியில் அம்மையார் சிரிக்கிறார். ஏன் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும். “பேர் நின்னுச்சு சரி, வியாபாரம் நின்னுச்சா பேராசிரியரே?” என்று கேட்கப் போகிறார். கேளுங்கள், தாயே. நல்ல கேள்வி. வியாபாரம் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை?

தறியில் உட்கார்ந்தவனுக்கு, தான் நெய்த துணியை யார் கட்டுகிறான் என்று தெரியாது. கம்பெனி மாதிரித் துணியைக் காட்டும். பெரிய வணிகர் முன்பணம் கொடுப்பார். இவன் நெய்து கொடுப்பான். கட்டம் பெரிதாக வேண்டும் என்று கேட்டவன் எந்தத் தீவில் இருந்தான், என்ன விலை கொடுத்தான், எதுவும் இவனுக்குத் தெரியாது. வாடிக்கையாளரும் கணக்குப் புத்தகமும் கம்பெனியிடம். இவனிடம் இருந்தது தறியும் முன்பணக் கடனும்தான். 1690 வாக்கில் டச்சுக்காரர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். நெசவாளியால், “போனால் போங்கள், மலாக்காவில் என் வாடிக்கையாளர் இருக்கிறார்” என்று சொல்ல முடிந்ததா? துணி மட்டுமா போனது? இந்தத் துறைமுகத்திலிருந்து மனிதர்களையே அடிமைகளாகக் கப்பல் ஏற்றினார்கள். பேரம் பேசும் இடத்தில் நாம் இல்லாவிட்டால், நாமே பேரம் பேசப்படும் பொருளாகிவிடுவோம், நடுவர் அவர்களே!

ஆகவே ஊருக்குப் பெயர் கிடைத்தது, உழைத்தவனுக்குக் கிடைக்கவில்லை. நான் ‘பெயர்’ என்று சொல்வது, “இந்த வேலையைச் செய்தது இன்னார். இவரை நம்பலாம்” என்று வாங்குகிறவன் நேரடியாக அறிந்திருக்கும் பெயர்.

சரி, அது பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் ஏரி இறாலைப் பாருங்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பத்துப் பெரியவர்கள் பாடு முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இன்ன நாள், இன்ன இடத்தில், இன்னார் வலை போடலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். ஏரிக்குள்ளே அவ்வளவு நியாயம்! ஆனால் கரைக்கு வந்த பிறகு? முன்பணம் வாங்கியிருந்தால், கொடுத்தவர் சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். அதே இறால் வெளிநாட்டில் தட்டுக்கு வரும்போது, பிடித்தவர் பெயர் எங்கேயாவது இருக்கிறதா? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின் மேல் 50 சதவீத வரி போட்டது. இந்திய இறாலை அதிகமாக வாங்குவதே அமெரிக்காதான். அங்கே ஒருவர் கையெழுத்துப் போட்டால், இங்கே கரையில் விலை ஆடுகிறது!

ஆகவே அந்தப் பையனுக்கு நான் சொல்வேன்: தம்பி, உனக்கு முகத்துவாரம் தெரியும். அது மணல் மூடிப் போனால் கடல் தண்ணீர் உள்ளே வராது, ஏரி நோயாளியாகிவிடும், படகு கடலுக்குப் போகாது. ஒரே வாடிக்கையாளர், ஒரே நாடு என்று தொழில் நடத்துவதும் அப்படித்தான். அந்த ஒரு வாய் மூடினால் உன் ஏரி வற்றிவிடும். இன்னொரு வாயையும் திறந்து வை.

“பெயர் எப்படி வரும்? வானத்திலிருந்து விழுமா?” என்று எதிரணி கேட்டது. விழாது. வாங்குகிறவன் வீட்டு வழக்கத்தைக் கற்றால் வரும். மூன்று, கோடு, நான்கு என்று தேதி போட்டால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்காக்காரனுக்கு மார்ச் 4. அவன் கடையின் தள்ளுபடித் தேதியை நம் வழக்கப்படி போட்டால், தப்பான நாளில்தான் கூட்டம் வரும்! ஜெர்மனியில் நாம் புள்ளி வைக்கிற இடத்தில் அவன் காற்புள்ளி வைப்பான். துபாய்க்காரருக்கு அரபியில் தளம் கட்டினால், எழுத்து மட்டுமல்ல, பக்கமே வலமிருந்து இடமாகத் திரும்ப வேண்டும். ஐரோப்பாவில் 2018 மே மாதம் முதல் தனிமனிதத் தகவலைக் காக்கும் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2025 ஜூன் 28 முதல், மிகச் சிறிய நிறுவனங்கள் நீங்கலாக, இணையக் கடைகள் பார்வையற்றோரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்ற சட்டமும் வந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு, “ஐயா, உங்கள் தளத்தில் இது குறைகிறது, நான் சரி செய்கிறேன்” என்று சொல்கிறவனிடம் யாராவது ஐந்து டாலருக்குப் பேரம் பேசுவார்களா?

நம் ஊர்ச் சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு, விதிமுறைப்படி உறுதிமொழிப் பத்திரம் ஆண்டுதோறும் கொடுத்துவிட்டால், ஜி.எஸ்.டி. கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். என்ன வேலை, எத்தனை தவணை, முடிந்தபின் தளம் யாருக்குச் சொந்தம் என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பழகிய பிறகு கேட்க வெட்கமாக இருக்கும் என்றால், பழகுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடு!

எல்லாவற்றுக்கும் மேலே உண்மை. எங்கள் தெருவுக்கு ஒரு மீன்காரம்மா வருவார். சந்தையைவிட பத்து ரூபாய் கூடத்தான் சொல்வார். என் மனைவி, தக்காளிக்கு நாலணா பேரம் பேசுகிற மகராசி, அந்த அம்மாவிடம் மட்டும் வாயே திறக்க மாட்டார். “ஏன்?” என்று கேட்டேன். “ஒரு நாள் நானே கேட்டும் தரலைங்க. ‘இன்னிக்கு வேணாம்மா, ஐஸ் மீனு. நாளைக்கு ஏரி மீனு எடுத்தாறேன்’னு கூடையை மூடிட்டுப் போயிட்டாங்க” என்றார். அன்றைக்கு ஒரு வியாபாரம் போனது. ஆனால் அந்த அம்மாவுக்கு ஒரு வீடு நிரந்தரமாகக் கிடைத்துவிட்டது! (கைதட்டல்) “இது என்னால் முடியாது, இதற்கு இன்னும் இரண்டு வாரம் வேண்டும்” என்று கடல் தாண்டியும் சொல்லத் தெரிந்தவனுக்கு அதே வீடு கிடைக்கும்.

இப்படி வென்றவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், 2009இல் ஸோஹோ என்று பெயர் மாறி, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக் கிராமத்தில் அலுவலகம் வைத்துக்கொண்டு உலகத்துக்கு மென்பொருள் விற்கிறது. 2010இல் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதமும் நண்பரும் தொடங்கிய நிறுவனத்துக்கு முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி! அதுதான் இன்றைய ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. “அவர்களும் விலை குறைவாகத்தானே கொடுத்தார்கள்?” என்பீர்கள். கொடுத்தார்கள், மறுக்கவில்லை. விலை வாசலைத் திறக்கும். ஆனால் உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுப்பது பெயர்தான். அவர்கள் இன்னொருவர் பெயரில் கூலிக்கு நெய்யவில்லை. தங்கள் பொருளில் தங்கள் பெயரைப் போட்டு, வாங்குகிறவரோடு நேராகப் பேசினார்கள்.

நிறைவாக ஒன்று. இந்த ஊரில் பனையோலையில் அழகழகாகக் கூடை பின்னுகிற பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பையன் வெளிநாட்டுக்கு ஓடுவதற்கு முன்னால், தன் முதல் வேலையாக இவர்களுக்கு ஒரு தளம் கட்டிக் கொடுக்கட்டும். அதில் பின்னியவர் சம்மதத்தோடு அவர் பெயரைப் போடட்டும். துபாய்க்காரரும் ஜெர்மனிக்காரரும் “உன் வேலையைக் காட்டு” என்று கேட்டால் அதைக் காட்டட்டும். அவனுக்கும் பெயர், அவர்களுக்கும் பெயர்! நானூறு வருஷத்துக்கு முன்னால் நெசவாளிக்குக் கிடைக்காத கணக்குப் புத்தகம், இந்தத் தலைமுறையில் நம் பிள்ளைகள் கைக்கு வரட்டும்.

ஆகவே, மலிவாய் விற்றவனைச் சந்தை மறந்துவிடும், பெயரோடு நின்றவனைத் தேடி வரும் என்பதால், சிறு நிறுவனத்தைக் கடல் கடந்தும் வாழவைப்பது நல்ல பெயரே, நல்ல பெயரே என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)