பூஜ்யத்தருகே நிற்கும் முள்



இரண்டாம் உலக யுத்தத்தின்போது வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் லட்சக்கணக்கில் தயாரித்த ஜீப் வண்டியின் முகப்புப் பலகையில், பூஜ்யம் நடுவிலும் இருபுறமும் 50 வரை எண்களும் பொறித்த சிறிய கருவி ஒன்று உண்டு. பாட்டரிக்குள் மின்சாரம் போகிறதா, அதிலிருந்து வெளியேறுகிறதா என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டும் ஆம்பியர் மீட்டர் அதுவே. ஸ்டார்ட்டர் இழுக்கும் பெருமின்சாரம் இதன் வழியே போவதில்லையாகையால், வண்டியைக் கிளப்பும் கணத்தில் முள் பெரிதாக அசையாது. ஆனால் என்ஜின் ஓடத் தொடங்கியதும், பாட்டரி பட்ட கடனை டைனமோ அவசரமாக அடைக்க முற்பட, முள் கூட்டல் பக்கம் துள்ளி எழுந்து, பிறகு மெல்ல மெல்ல இறங்கி, பூஜ்யத்துக்குச் சற்று மேலே வந்து நிற்கும். அந்த நிதானமான இறக்கத்தைக் காண்பதில் எனக்கு இன்றுவரை அலுப்புத் தட்டியதில்லை.

"சார்ஜ் ஏறவில்லை ஐயா, முள் நடுவிலேயே நிற்கிறது" என்று கவலையோடு பட்டறைக்கு வருகிறவர்களிடம், முன்விளக்கைப் போடச் சொல்வேன். முள் கழித்தல் பக்கம் சாய்ந்து, என்ஜின் வேகம் கூடியதும் மீண்டுவந்தால், பாட்டரியும் டைனமோவும் ஆரோக்கியமாகவே இருக்கின்றன. வெகுநேரம் ஓடியும் முள் உயரத்திலேயே நின்றால்தான், அன்பர்களே, ரெகுலேட்டரையோ பாட்டரியையோ சந்தேகிக்க வேண்டும்.

அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் நீங்கலாக வண்டியின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும், மீட்டரின் பின்புறத்து இரு திருகாணிகள் வழியாகவே போய்வருகிறது. 12 வோல்ட்டுக்கு மாற்றி, 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் பூட்டிய ஜீப் ஒன்றின் பலகையைக் கழற்றியபோது, நட்டு விரலாலேயே சுழன்றது. வாஷர் கருகி, கம்பியின் உறை தொட்டவுடன் உதிர்ந்தது. பழைய கம்பிகளை அப்படியே விட்டிருந்தார்கள்!

ஆல்டர்னேட்டர் வைப்பவர்கள், அதன் மின்சாரத்தைத் தடித்த கம்பியில், பாட்டரியருகே ஃப்யூஸ் வைத்து, நேரே பாட்டரிக்குக் கொண்டுபோவது உத்தமம். மீட்டரின் ஸ்தானத்தில் வோல்ட்மீட்டர் வைத்தால் மெல்லிய கம்பியே போதும்; ஓய்விலிருக்கும் நல்ல பாட்டரியில் 12.6, ஓட்டத்தில் சுமார் 14 வோல்ட் காட்டும். ஆம்பியர் முள்ளைப் பிரிய மனமில்லாதவர்களுக்கு, பெரும்பகுதி மின்சாரத்தை வெளியிலேயே தாங்கிக்கொள்ளும் ஷன்ட்டோடு கூடிய மீட்டர்களும் கிடைக்கின்றன. என் பிரியம் அவற்றின் பக்கமே.

நேரம் நெருங்கிவிட்டது. பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்கள் இந்த வாரமே அந்த இரு நட்டுகளையும் இறுக்கிப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். பலகைக்குப் பின்னால் கையை நுழைப்பதற்கு முன் பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.